நானே செஞ்ச வான்கோழி சில்லி

இந்தச் சேர்ல யாரும் இல்லையே சார்? உட்கார்ந்துக்கிறேன். ஃபேனுக்கு நேரா இருக்கிறது இது ஒண்ணுதான். நீங்க சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகட்டும்னு காத்திருக்கீங்களா? அப்படித்தான் நினைச்சேன். நாங்க ரெண்டாவது ரத்தமும் குடுத்தாச்சு, ரிப்போர்ட்டுக்குத்தான் உட்கார்ந்திருக்கோம். அரைமணி நேரம் ஆகும்னு கவுன்டர்ல இருக்கிற பொண்ணு சொல்லுச்சு. அரைமணின்னா முக்கால் மணி. முப்பத்தாறு வருஷம் ஓவர்சீயரா இருந்தவன் சார் நான், எத்தனை பேர்கிட்ட அரைமணி நேரம் கேட்டிருப்பேன்.

அதோ, சுவரோரமா மெரூன் சேலை கட்டிக்கிட்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்காளே, அதுதான் நம்ம வீட்டம்மா. சௌந்திரவல்லி. இங்கேயே உட்காருன்னேன். நீங்க யார்கிட்டயாவது பேசிக்கிட்டு இருப்பீங்க, நான் செத்த நேரம் கண்ணை மூடிக்கிறேன்னு அங்க போயிட்டா. நான் என்ன சார் பேசற ஆளா? கேட்டா பதில் சொல்லுவேன், அவ்வளவுதான்.

கேட்டீங்கல்ல, யாருக்கு டெஸ்ட்டுன்னு? கேக்கலையா? பரவாயில்லை, சொல்றேன். டெஸ்ட்டு அவளுக்கு. ரெண்டு கண்ணுலயும் புரை. இடது கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுது, வலது கண்ணு இருந்தும் இல்லாத மாதிரி. மதுரையில கண் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போயிட்டோம். ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டாரு. சுகர் முந்நூத்துப் பன்னெண்டு, அடுத்த தடவை இருநூத்து எண்பத்தெட்டு. சாப்பிட்ட பிறகு எடுக்கிறது இருநூறுக்குக் கீழ வரட்டும்மா, அப்பத்தான் நான் கண்ணுல கை வைப்பேன்னு கறாராச் சொல்லிட்டாரு. இன்னைக்கு மூணாவது தடவை. இன்னைக்கு இறங்கியிருந்தா அடுத்த வாரமே ஆபரேஷன்.

அவசரம் என்னன்னா, என் மக வெண்ணிலா அமெரிக்காவுல, டல்லாஸ்ல இருக்கா. தை மாசம் பொண்ணு பிறந்திருக்கு. ஆவணியில கூட்டிட்டு வர்றா. போன்ல குழந்தையைக் காட்டுவா, இவ போனை மூக்குல இடிக்கிற அளவுக்கு வச்சுக்கிட்டுப் பார்ப்பா. ஒண்ணும் தெரியாது. மூக்கு யாரை மாதிரிங்க இருக்குன்னு என்னைக் கேப்பா. என்னைத்தான் உரிச்சு வச்சிருக்குன்னு சொல்லுவேன். சரி, அதை நான் பார்த்துச் சொல்றேம்பா. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், அவ அழுது நான் பார்த்ததில்லை. ஒரு நாள் போனை வச்சுட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. புரையினால தண்ணி வடியுதாக்கும்னு சொன்னேன். ஆமான்னா.

அதுக்கு நடுவுல குக்கரைத் திறக்கும்போது கண்ணு தெரியாம ஆவி அடிச்சு அவ கை வெந்துபோச்சு. டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னாரு, ஐயா, அம்மாவை ஒரு ரெண்டு மாசம் அடுப்புப் பக்கம் விடாதீங்க, எண்ணெய், சோறு, இனிப்பு எல்லாத்தையும் குறைங்கன்னு. நான் அங்கேயே எந்திரிச்சு நின்னு சொன்னேன், டாக்டர், இன்னையிலேருந்து சமையல் என் பொறுப்புன்னு. டாக்டர் கை குடுத்தாரு. நர்ஸுங்கள்லாம் பார்த்தாங்க. எத்தனை ஆம்பளை சார் சொல்லுவான்?

அன்னைக்குச் சாயங்காலமே வெண்ணிலாவுக்குப் போன் போட்டேன். உடம்புக்கு நல்லதா, வாய்க்கும் ருசியா ஒண்ணு சொல்லும்மான்னேன். அப்பா, டர்க்கி சில்லி பண்ணுங்க, இங்க நாங்க வாரத்துல ரெண்டு நாள் அதான், கொழுப்பே கிடையாதுன்னா. டர்க்கின்னா வான்கோழின்னு எனக்குத் தெரியும். சில்லின்னாலும் தெரியும். நம்ம பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையில தின்னாத சில்லியா? வாய்ஸ் மெசேஜ்ல சாமானெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தா. வான்கோழிக் கொத்துக்கறி, கிட்னி பீன்ஸ், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு, சீரகப்பொடி, மிளகாப்பொடி. ஒரு ஸ்பூன் எண்ணெய். புளிப்பு தூக்கலா இருந்தா ஒரு சிட்டிகை சர்க்கரை. சின்னத் தீயில ஒரு மணி நேரம் கொதிக்கட்டும்னு.

நான் டயரி எடுத்து ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதிக்கிட்டேன். ரெண்டாவது வரியில கிட்னி. மூணாவது வரியில பீன்ஸ். இவ கேட்டுக்கிட்டு இருந்தவ மெதுவாச் சொன்னா, ஏங்க, அது ஒரே சாமானா இருக்கும்போல, ராஜ்மான்னு செவப்பா வருமே, அதைத்தான் சொல்றாளோ என்னமோன்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எட்டாவது படிச்சவ எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றா. கிட்னின்னா கிட்னி, பீன்ஸ்னா பீன்ஸுன்னேன். நல்ல குணம் ஒண்ணு அவகிட்ட, ஒரு தடவைதான் சொல்லுவா.

வான்கோழி சும்மா கிடைக்குமா? வடமதுரை தாண்டி ஒரு பண்ணையில வளர்க்கிறாங்கன்னு கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். ரெண்டு பேருக்குத்தானே, ஒரு ரெண்டு கிலோ போதும்னேன். ஐயா, இது பிராய்லர் இல்லை, எடுத்தா முழுசா எடுங்கன்னான். எட்டரைக் கிலோ! உரிச்சுச் சுத்தம் பண்ணி மூட்டை கட்டிக் குடுத்தான், மடியில வச்சுக்கிட்டு வந்தேன். கண்டக்டர் என்ன சார் குழந்தையான்னு கேட்டான். நேரா நம்ம கனி பாய் கறிக்கடைக்குப் போயி எலும்பை எடுத்துக் கொத்தித் தரச் சொன்னேன். அப்படியே ஆட்டுக் குண்டிக்காய், அதான் கிட்னி, எட்டு வேணும்னேன். பாய் ஒரு மாதிரியாப் பார்த்தாரு. டாக்டர் சொன்ன பத்தியச் சமையல் பாய், அமெரிக்கா முறைன்னேன். அமெரிக்காக்காரன் குண்டிக்காய் எல்லாம் திம்பானாங்கறாரு. அவங்க வாழ்றாங்க பாய், நாமதான் கிடந்து கஷ்டப்படறோம்னு சொல்லிட்டு வந்தேன்.

சமையலன்னைக்கு நான் ஏற்பாடு பண்ணினதை நீங்க பார்த்திருக்கணும். அடுப்படி வாசல்ல நாற்காலி. கையில டயரி, மணிக்கட்டுல வாட்ச். சின்ன வெங்காயம் அரைக்கிலோ உரிக்கணும், அதை அவ பண்ணிட்டா. கண்ணு தெரியாட்டி என்ன, வெங்காயம் உரிக்கக் கைதானே வேணும்? குண்டிக்காயைக் கீறிச் சுத்தம் பண்ணினா. தக்காளி அரைச்சா, பூண்டு தட்டினா, பீன்ஸ் அரிஞ்சா. மத்த சமையல் முழுக்க நான்தான். எப்ப எதைப் போடணும், எவ்வளவு போடணும், எப்பக் கிளறணும், எல்லாம் என் உத்தரவு. அவ கிளறினா, அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் விடாதீங்கன்னு டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு சார். கொஞ்சம் தள்ளி நின்னு நீட்டுக் கரண்டியால கிளறுன்னு சொல்லியிருந்தேன். வத்தலக்குண்டு ரோட்டுல ஒரு பாலம் இருக்கே, அது நான் கட்டினது. நான் கல்லு சுமந்தேனான்னு யாராவது கேப்பாங்களா?

ருசி பார்த்தேன். ஒரு ஸ்பூன் எண்ணெய் சமையல் எப்படி இருக்கும்? சப்புன்னு இருந்துச்சு. பரோட்டாக் கடை மாஸ்டர்கிட்ட போன்லயே கேட்டேன். சார், சில்லின்னா கறியைச் சோளமாவுல பிரட்டி எண்ணெயில பொரிச்சுத்தான் போடணும், இல்லாட்டி அது சில்லியே இல்லைன்னான். தொழில் தெரிஞ்சவன் பேச்சைத் தட்டலாமா? மிச்சமிருந்த கொத்துக்கறியை உருண்டை பிடிச்சு மாவுல பிரட்டிப் பொரிச்சோம். அவ பொரிச்சா. அப்புறம் குழம்புக்குக் கெட்டி வேணும்னு ஒரு மூடித் தேங்காய், பத்துப் பன்னெண்டு முந்திரி. புளிப்பு இருந்துச்சு, சர்க்கரை போடச் சொல்லியிருந்தா வெண்ணிலா. சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரையா போடுவேன்? எனக்கென்ன புத்தி இல்லையா? ஒரு கைப்பிடி வெல்லம் போட்டேன். இறக்கும்போது வாசத்துக்கு ரெண்டு கரண்டி நெய். மத்தபடி எல்லாம் பத்தியம்தான், ஏன்னா அடிப்படை வான்கோழி பாருங்க, அதுல கொழுப்பே கிடையாது.

தொட்டுக்கப் பரோட்டா வாங்கிட்டு வந்தேன். சோறு கூடாதுன்னுட்டாரே டாக்டர்.

ஆஹா, என்ன ருசிங்கறீங்க! எதிர் வீட்டு வரதராஜன் நாலு பரோட்டா சாப்பிட்டாரு. காசிராஜன் சார், உங்களுக்குள்ள இப்படி ஒரு கை இருக்கான்னு கேட்டாரு. படம் பிடிச்சு வெண்ணிலாவுக்கு அனுப்பினேன். உடனே போன். அப்பா, மேல மிதக்குதே, அது என்னதுன்னா. கிட்னின்னேன். அப்புறம்தான் விளக்கினா, கிட்னி பீன்ஸ்னா ராஜ்மான்னு. நான் அசருவேனா? அது உங்க ஊரு முறை, இது திண்டுக்கல் முறைன்னேன். ராஜ்மாவும் ஒரு கிலோ வாங்கி வச்சேன். அதுக்காக ருசி கண்ட குண்டிக்காயை விட முடியுமா? சௌந்திரத்துக்கிட்ட, பார்த்தியா, நீ சொன்னதும் ஒரு வகையில சரிதான்னு பெருந்தன்மையா ஒத்துக்கிட்டேன். போனை என்கிட்ட குடுங்க, பிள்ளைகிட்ட நான் கொஞ்சம் பேசணும்னு உள்ள எடுத்துட்டுப் போனா. ஒரு மணி நேரம் ஆத்தாளும் மகளும் என்னமோ குசுகுசுன்னு பேசினாங்க.

நாற்பது நாள் சார். மூணு வான்கோழி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சில்லி. நடுவுல வர்ற நாளுக்கு மிச்சம். உங்க மனைவிக்காக இத்தனை பாடுபடறீங்களேன்னு தெருவே பேசுது. நான் முன்னால ஹால்ல உட்கார்ந்து சாப்பிடுவேன், அவ பரிமாறுவா. நீயும் உட்காரேன்னா, எனக்கு அப்புறம்ங்கன்னுருவா. எங்க வீட்டுல ஆரம்பத்துலேருந்து அப்படித்தான், அவ சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நல்லா இருந்துச்சான்னு கேப்பேன். ம், நல்லா இருந்துச்சும்பா. தட்டு கழுவுற சத்தம் கேக்கும். பிறகென்ன, சாப்பிட்டான்னுதானே அர்த்தம்?

ஒரு அதிசயம் சொல்றேன் கேளுங்க. சாதாரணமா மிச்சக் குழம்பு மறுநாள் கெட்டியாகும். என் சில்லி அப்படி இல்லை. ஒரு நாள் காலையில அவ கோயில் குளத்தைச் சுத்தி நடக்கப் போயிருந்தா. அது ஒரு பழக்கம் பிடிச்சிருக்கா இப்ப, மாடி வீட்டு டீச்சரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு தினம் நாலு சுத்து. எனக்குப் பசி. உள்ள போயி பார்த்தேன், அடுப்பு ஓரத்துல ஒரு சின்ன மண் சட்டி, தட்டு போட்டு மூடியிருந்துச்சு. திறந்தா நம்ம சில்லி. தக்காளியும் சீரகமும் சேர்ந்து ஒரு வாசம் வந்துச்சு பாருங்க! செவப்பு செவப்பா ராஜ்மா, பதமா வெந்திருக்கு, அழுத்தினா மசியுது. கொத்துக்கறி உதிரி உதிரியா. குடைமிளகா வாசம். காரம் நாக்கு நுனியில சுருக்குன்னு ஏறி தொண்டையில அடங்குது. எண்ணெய்ப் படலமே இல்லை. நின்னுக்கிட்டே மொத்தத்தையும் வழிச்சுத் தின்னுட்டேன். பொரிச்ச உருண்டை, தேங்காய், குண்டிக்காய் எல்லாம் எங்க போச்சுன்னு யோசிச்சேன். ஊற ஊற எல்லாம் அதுலேயே கரைஞ்சிருக்கும்போல. என் சில்லி மறுநாள்தான் சார் உச்சத்துக்கு வருது.

அவ வந்து காலிச் சட்டியைத் தடவிப் பார்த்தா. என்னங்க, இதைத் தின்னுட்டீங்களான்னா. என் சமையலை நானே திங்கறதுக்குக் கணக்கா கேக்கறேன்னேன். அன்னைக்கு அவ வெறும் மோரைக் குடிச்சுட்டு படுத்துட்டா. வயிறு சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டேன்.

இன்னைக்குக் கூட பாருங்க, கிளம்பும்போது சொன்னா, நீங்களும் ஒரு தடவை சுகர் பார்த்துக்கங்களேன்னு. எனக்கு எதுக்குடி, நான் கல்லு மாதிரி இருக்கேன்னேன். துணைக்கு வர்றீங்க, அப்படியே குடுத்துட்டு வாங்களேன்னா. சரி, அவளுக்கு ஒரு தைரியமா இருக்கட்டுமேன்னு நானும் ரத்தம் குடுத்தேன். நீங்க வேணா பாருங்க சார், இன்னைக்கு அவ சுகர் இருநூறுக்குக் கீழ. என் சில்லி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.

அந்தா, கூப்பிடறாங்க. பையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க, வந்துர்றேன்.

*

வந்துட்டேன். பை இருக்கா? சரி. கொஞ்சம் தண்ணி இருக்குமா சார்? கவுன்டர்ல நான் போட்ட சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும்.

ரெண்டு கவரு குடுத்துச்சு அந்தப் பொண்ணு. அவ கவரைத்தான் முதல்ல பிரிச்சேன். நூத்து அறுபத்தொண்ணு. இங்கேருந்தே கத்தினேன், சௌந்திரம், நூத்து அறுபத்தொண்ணு, என் சில்லி ஜெயிச்சிருச்சுடீன்னு. அந்தப் பொண்ணுகிட்ட கூட, உங்க லேப்ல ஒரு போர்டு எழுதி வைங்கம்மா, செய்முறை நான் தர்றேன்னேன். அது சிரிச்சுது. அப்புறம் என் கவரைப் பிரிச்சேன். இருநூத்துத் தொண்ணூத்தாறு.

எனக்கு. இருநூத்துத் தொண்ணூத்தாறு.

எப்படி சார்? ரெண்டு பேரும் ஒரே சட்டியில திங்கறோம். அவளுக்கு இறங்குது, எனக்கு ஏறுதுன்னா எவனாவது நம்புவானா? உடனே புரிஞ்சு போச்சு, பேரை மாத்தி ஒட்டிட்டாங்க. சொன்னேன். இல்லைங்க ஐயா, ரத்தம் எடுக்கும்போதே பேர் ஒட்டிருவோம்னு அந்தப் பொண்ணு பொறுமையாச் சொல்லுச்சு. நான் விடலை. என் சர்வீஸ்ல நான் பார்க்காத தப்பா? மேனேஜரைக் கூப்பிடு, சௌந்திரவல்லி பேருக்கு இருநூத்துத் தொண்ணூத்தாறு, காசிராஜன் பேருக்கு நூத்து அறுபத்தொண்ணுன்னு திருத்தி சீல் போட்டுக் குடுன்னேன். அந்தப் பொண்ணு பாவம், பேனாவைக் கையில வச்சுக்கிட்டு முழிக்குது. ஐயா, அப்படி மாத்தினா அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ண மாட்டாங்களேன்னு சொல்லுச்சு. அதெல்லாம் அப்புறம், முதல்ல உண்மை உண்மையா இருக்கணும்னேன்.

அப்பத்தான் இவ எந்திரிச்சு வந்தா. ஒவ்வொரு சேரா முதுகைத் தொட்டுத் தொட்டு வந்தா. வந்து மேசையைத் தடவி, அந்தப் பொண்ணு முன்னால கிடந்த அவ காகிதத்தை எடுத்து நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா. முப்பத்தெட்டு வருஷத்துல வெளியிடத்துல குரலை உசத்தினதில்லை சார் அவ. இப்பவும் உசத்தலை.

"காகிதம் மாறலைங்க. நீங்க செஞ்சதுல ஒரு வாய் கூட நான் சாப்பிடலை."

அப்ப நாற்பது நாளா நீ என்னத்தைத் தின்னேன்னு கேட்டேன்.

"வெண்ணிலா சொன்னதைத்தான். கறியைப் பொரிக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு கைப்பிடி எடுத்து வச்சிருவேன். அந்தச் சின்னச் சட்டியில."

அந்தச் சின்னச் சட்டி சார். நான் நின்னுக்கிட்டே வழிச்சுத் தின்னது அவ சாப்பாட்டை. அன்னைக்கு அவ மோரைக் குடிச்சுட்டுப் படுத்தா. இதை ஏண்டி என்கிட்ட சொல்லலைன்னேன். முதல் நாளே ராஜ்மான்னு சொன்னேனேன்னா. அவ்வளவுதான் சொன்னா. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்துச்சு. எனக்கு எங்க பார்க்கறதுன்னு தெரியலை. நான் மட்டும் இன்னும் ரெண்டு நிமிஷம் கத்தி ஜெயிச்சிருந்தா, அவளைப் பேத்தி மூஞ்சியைப் பார்க்க விடாம என் கையாலேயே பண்ணியிருப்பேன்.

அப்புறம் என்ன, மதுரைக்குப் போன் போட்டேன். வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். எந்தக் கண்ணு முதல்லன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலை. அவதான் போனை வாங்கி இடதுன்னா.

அங்க பாருங்க, மறுபடியும் கண்ணை மூடி உட்கார்ந்துட்டா. ஆனா சிரிக்கிறா, தெரியுதா? எனக்குத் தெரியுது. சுகருக்குப் பயப்படாதீங்க, நாளையிலேருந்து உங்களுக்கும் சின்னச் சட்டிதான், கொஞ்சம் பெரிய சின்னச் சட்டியா வாங்கிக்கலாம்னு சொன்னா. கண்ணு கட்டுப் பிரிக்கிற வரைக்கும் டாக்டர் சொன்னபடி நிஜமாவே அடுப்படிப் பக்கம் வரமாட்டாளாம். நாற்காலியை வாசல்ல போட்டு அவ உட்கார்ந்துக்குவாளாம். எப்ப எதைப் போடணும்னு அவ சொல்லுவாளாம்.

உங்களை உள்ள கூப்பிடறாங்க சார், ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு போல. போயிட்டு வாங்க. போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு, அவளுக்குக் கேக்காம மெதுவாச் சொல்லுங்க. இந்தச் சின்ன வெங்காயத்தை எந்தப் பக்கத்துலேருந்து சார் உரிக்க ஆரம்பிக்கணும்?